விழுந்தவன் குற்றமா?

மனிதன் தன் அறிவைச் செலுத்த வேண்டிய இடத்தில் அதனைச் செலுத்தாமல் ஒதுங்கிக்கொள்வதற்குக் கண்டுபிடித்த சொற்கள் பல. அவற்றுள் மிகப் பழையதும் மிக எளியதுமான சொல் ‘விதி’ என்பதாகும். பயிர் கருகினால் விதி. பிள்ளை நோயால் மாண்டால் விதி. கடன் வளர்ந்தால் விதி. இச்சொல்லை ஒருமுறை உச்சரித்துவிட்டால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஆராயாதவனை எவரும் குறை கூறுவதுமில்லை. ஆதலினாலேயே இச்சொல் நம்மவரிடையே இத்துணை நீண்ட ஆயுளைப் பெற்றிருக்கிறது.

பெரிய துன்பங்களை விட்டு, அன்றாடம் நிகழக்கூடிய சிறியதொன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். தஞ்சோங் பகாரில், டக்ஸ்டன் குன்றை ஒட்டிய சரிவுத் தெருவில், தொழிலாளி ஒருவன் சைக்கிளில் இறங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மழை விட்டு அரைமணி நேரம் ஆகவில்லை. கீழே சந்தியில் ஒரு லாரி திரும்புகிறது. அவன் பிரேக்கை அழுத்துகிறான், பிடி தொளதொளவென்று கைக்குள் வந்துவிடுகிறது, வண்டியோ நிற்கவில்லை. லாரியில் மோதாமல் ஒதுங்க முயன்றவன் நடைபாதை விளிம்பில் மோதித் தூக்கி எறியப்படுகிறான். தோள் எலும்பு முறிகிறது. கூட்டம் கூடுகிறது. “இராகுகாலத்தில் புறப்பட்டிருப்பான்” என்கிறார் ஒருவர். “ஏழரை நாட்டுச் சனி பிடித்த ராசியாக இருக்கும்” என்கிறார் மற்றொருவர். “உயிர் தப்பியதே முன்னோர் செய்த புண்ணியம்” என்று முடிக்கிறார் மூன்றாமவர். மூவரும் வானத்தைப் பார்க்கிறார்களேயன்றி, ஒருவரேனும் குனிந்து அந்தப் பிரேக் கம்பியைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பர்? சைக்கிளின் பிரேக் கம்பி ஒற்றைக் கம்பியன்று. மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. பிடியை அழுத்துந்தோறும் அது ஒரே இடத்தில் மடங்குகிறது. மடங்கும் இடத்தில் முதலில் ஓர் இழை அறுகிறது. அதன் பாரத்தை மற்ற இழைகள் ஏற்றுக்கொள்கின்றன. பின்னர் இரண்டாவது, அதன் பின் மூன்றாவது. எஞ்சிய இழைகளால் தாங்க இயலாத நாளில் அனைத்தும் ஒருங்கே அறுகின்றன. அறுந்தது ஒரு நொடியில். அறுபடத் தொடங்கியதோ பல வாரங்களுக்கு முன். பிரேக்கின் ரப்பர்க் கட்டையும் அவ்வாறே நாடோறும் தேய்ந்து வந்தது. எஃகு ரிம் மழையில் நனைந்திருந்தால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் பன்மடங்கு நீளும் என்பதும் எந்நாளும் உள்ள உண்மையே. இராகுகாலத்தில் மட்டுமல்ல, நல்ல ஓரையில் புறப்பட்டிருந்தாலும் அந்தக் கம்பி அறுந்தே தீரும். இரும்புக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

ஆண்டுக்கொரு நாள் நாம் ஆயுத பூசை செய்கிறோம். சைக்கிளைக் கழுவித் துடைத்து, கைப்பிடியில் மாலை சூட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கருவியைப் போற்ற வேண்டும் என்னும் எண்ணம் நல்லெண்ணமே. அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் கருவியைப் போற்றுவது எவ்வாறு? அதற்கு வேண்டுவது இரண்டு சொட்டு எண்ணெயும், ஒரு சிறு திருகு சாவியும், காண வல்ல கண்ணுமே. குங்குமம் இட்ட கையே அந்தக் கம்பியை ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால், அறுந்த இழை விரலில் குத்தியிருக்கும். எச்சரிக்கை அங்கே இருந்தது. அதனைக் கேட்கும் செவிதான் இல்லை.

இவ்வளவும் சொன்னால், கற்றறிந்தோர் நம் கூற்றை முழுமனத்தோடு ஒப்புக்கொள்வர். “ஆம், விதியன்று, அவனுடைய கவனக்குறைவு” என்பர். என் ஐயம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. தோட்டத்து ஆபீசிலாயினும், தொழிற்சாலையிலாயினும், துறைமுகத்திலாயினும் விபத்துகளைப் பதியும் ஏடு ஒன்று உண்டு. அதில் ‘காரணம்’ என்னும் கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவது எழுதுகோலுக்குப் பழகிப்போன வேலை. எழுதுவது எளிது, எழுதிய பின் மேற்கொண்டு செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. கல்லாதவன் ‘விதி’ என்று சொல்லி ஆராய்ச்சியை எந்த இடத்தில் நிறுத்தினானோ, கற்றவன் ‘கவனக்குறைவு’ என்று சொல்லி அதற்கு ஓரடி தள்ளி நிறுத்துகிறான். இரண்டு சொற்களும் செய்யும் வேலை ஒன்றே: விழுந்தவன் தலையிலேயே பழியைச் சுமத்திவிட்டு, நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுதல்.

கவனக்குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது கேள்வியின் தொடக்கமேயன்றி முடிவன்று. கம்பியை அவன் ஏன் மாற்றவில்லை? காசில்லாமையாலா? காசிருந்தும் கடைக்குச் செல்ல நேரமில்லாமையாலா? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து திரும்பியவன் கண்ணுக்கு அறுந்த இழை தெரியுமா? அந்த சைக்கிள் அவனுடையதா, வேலை கொடுத்தவருடையதா? வேலை கொடுத்தவருடையதாயின், அதனைப் பழுதுபார்க்கும் கடமை யாருடையது? லாரியும் சைக்கிளும் ஒரே பாதையில் நெருக்கியடித்துச் செல்லுமாறு தெருவை அமைத்தவர் யார்? இவ்வினாக்களுள் ஒவ்வொன்றும் ஒரு கதவு. ‘கவனக்குறைவு’ என்று எழுதியவுடன் எல்லாக் கதவுகளும் ஒருங்கே அடைபட்டுவிடுகின்றன.

கதவு என்றவுடன் மேல்நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1842ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சு நாட்டில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயில் வண்டியில், எஞ்சினின் அச்சு ஒன்று திடீரென்று முறிந்தது. எஞ்சின் கவிழ்ந்தது, பின் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நன்றாயிருந்த அச்சு ஏன் முறிந்தது என்று அறிஞர் பலர் ஆராயத் தலைப்பட்டனர். பின்னாளில் செருமனியின் ரயில்வே பொறியாளர் ஆகசுட்டு வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒருமுறை தாங்கக்கூடிய பாரத்தை இலட்சம் முறை தாங்கும்போது இரும்பும் சோர்வடைகிறது, கண்ணுக்குப் புலனாகாத சிறு கீறல் வளர்ந்து வளர்ந்து ஒருநாள் முறிவாக முடிகிறது என்பதைத் தெளிவாக்கினார். இன்று நாம் ஏறிச் செல்லும் சைக்கிளின் முன்கவையும் மிதிகட்டையும் அவ்வாராய்ச்சியால் பயன்பெற்றவையே.

ஆனால் அந்நிகழ்ச்சியில் நான் குறிக்க விரும்புவது அச்சை மட்டுமன்று. பயணிகள் ஓடும் வண்டியிலிருந்து இறங்கிவிடாதிருக்கும் பொருட்டுப் பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. தீப்பற்றியபோது உள்ளே இருந்தவர்களால் வெளியேற இயலவில்லை. வண்டியை நிறுத்தியது முறிந்த அச்சு. அத்தனை உயிர்களைக் குடித்ததில் பூட்டிய கதவுக்கும் பங்குண்டு. முதற் காரணத்தைக் கண்டவுடன் நின்றுவிட்டிருந்தால், அச்சு செய்தவனைத் தண்டித்துவிட்டுக் கதவுகளைத் தொடர்ந்து பூட்டிக்கொண்டே இருந்திருப்பர். மேலும் கேட்டமையால் பூட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. ஒரு விபத்துக்கு ஒரு காரணம் என்று கணக்கு முடிப்பது சோம்பலின் கணக்கு.

நம் தஞ்சோங் பகாருக்கே திரும்புவோம். நீல் சாலையும் தஞ்சோங் பகார்ச் சாலையும் கூடுமிடத்தில் செங்கல்லால் ஆன பழங்கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1903ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ரிக்ஷா நிலையம் அது. 1880ஆம் ஆண்டில் சாங்காயிலிருந்து முதன்முதல் சிங்கப்பூருக்கு வந்த ரிக்ஷா வண்டிகள் விரைவில் ஆயிரக்கணக்காய்ப் பெருகின. அவற்றைப் பதிவு செய்யவும், ஒழுங்குபடுத்தவும் 1888இல் தனி இலாகாவே அமைக்கப்பட்டது. சக்கரம் சரியாகச் சுழல்கிறதா, வண்டி பயணிகளை ஏற்றத் தகுதியுடையதா என்று பார்த்து உரிமம் வழங்கினர். விதியை நம்பாமல் ஆணியை நம்பிய அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கதே.

ஆயினும் அந்த வண்டியை இழுத்தவன் யார்? பெரும்பாலும் சீன தேசத்துப் பூக்கியன் மாகாணத்திலிருந்து வறுமை துரத்த வந்த ஏழைத் தொழிலாளி. வண்டி அவனுடையதன்று; முதலாளியிடம் வாடகைக்கு எடுத்தது. வாடகை போக மிஞ்சியதே அவன் கூலி. வெயிலிலும் மழையிலும், மாட்டுவண்டிக்கும் டிராமுக்கும் பின்னாளில் மோட்டாருக்கும் இடையே ஓடினான். மோதுண்டு இறந்தோர் பலர். நெஞ்சு வெடித்து இறந்தோர் பலர். அபினியில் களைப்பை மறக்க முயன்று அழிந்தோரும் பலர். சக்கரத்தைச் சோதிக்க அதிகாரி இருந்தார். அச்சக்கரத்தை இழுத்த மனிதனின் மூச்சைச் சோதிக்க எவருமில்லை. இரும்பு சோர்வடையும் என்பதைக் கண்டறிந்த உலகம், மனிதன் சோர்வடைவான் என்பதைக் கணக்கில் கொள்ள மறந்தது. 1947இல் சிங்கப்பூரில் ரிக்ஷா இழுப்பது ஒழிக்கப்பட்டு, சைக்கிளோடு பக்கப் பெட்டியை இணைத்த டிரைஷா அதன் இடத்தைப் பிடித்தது. ஓடிய கால் மிதிக்கத் தொடங்கியது. வண்டி மாறிற்று, கேள்வி மாறவில்லை.

“அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாப் பழியையும் முதலாளி மீதும் அரசாங்கத்தின் மீதும் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்கலாமா?” என்று கேட்பாரும் உளர். தக்க கேள்வி. இதற்கு விடை சொல்ல, சைக்கிள் ஓட்டியவர்களுள் புகழ்பெற்ற ஒருவரின் வரலாறு துணை செய்யும்.

1913ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் சைக்கிள் பந்தயத்தில் யூசேன் கிறிசுதோப் என்பவர் முன்னணியில் இருந்தார். பிரனீசு மலையில், தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. மாற்றுக் கவை கிடையாது. பிறர் உதவியைப் பெறலாகாது என்பது பந்தய விதி. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்தில் ஒரு சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. கொல்லன் வழி சொல்லலாம், கை வைக்கலாகாது. பந்தய அதிகாரிகள் அருகிலேயே நின்று கவனித்தனர். கிறிசுதோப் தாமே இரும்பைக் காய்ச்சி, தாமே அடித்து, தாமே கவையைச் செய்து பொருத்தினார். இரு கைகளும் வேலையில் இருந்தமையால், பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். அதற்காக அவருக்குப் பத்து நிமிடம் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. பல மணி நேரம் இழந்தும் அவர் பந்தயத்தை விடவில்லை; பாரிசு வரை ஓட்டி ஏழாவதாக முடித்தார். 1919இல் அவரே முதலிடத்தில் இருந்தபோது மீண்டும் முன்கவை முறிந்தது. மீண்டும் தாமே பழுதுபார்த்துப் பந்தயத்தை முடித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அவருடைய விடாமுயற்சியைப் புகழ்ந்து முடிப்பர். புகழத்தக்கதே. முறிந்த கவையின் முன் அமர்ந்து அழாமல், தன் கையால் இயன்றதைச் செய்தவர் அவர். தனிமனிதன் பொறுப்பு யாதெனக் கேட்போருக்கு இதுவே விடை: தன் கருவியின் உறுப்புகளை அறிந்திருத்தல், முறிந்தால் சீர்செய்யக் கற்றிருத்தல், துன்பம் வந்தபின் புலம்பலுக்குச் செலவிடும் நேரத்தைத் தொழிலுக்குச் செலவிடுதல். இது நம் இளைஞர் ஒவ்வொருவரும் பயில வேண்டிய ஒழுக்கம்.

ஆனால் அந்தத் துருத்தி ஊதிய சிறுவனை நான் மறக்க விரும்பவில்லை. தனியே நிற்பதே வீரம் என்று கருதிய பந்தயக்காரர்களுக்கு அவனுடைய உதவி குற்றமாகத் தோன்றிற்று. உண்மையில் கிறிசுதோப் தனியே எதைச் செய்தார்? உலை மற்றொருவனுடையது, சம்மட்டி மற்றொருவனுடையது, இரும்பைச் சுரங்கத்திலிருந்து எடுத்தவர் முகம் அவர் அறியாதது. அத்தனை பேருடைய உழைப்பையும் உதவியென்று எண்ணாமல், சிறுவன் கையை மட்டும் உதவியென்று எண்ணித் தண்டித்தனர். ‘தன் காலில் தான் நிற்க வேண்டும்’ என்று ஏழைக்கு உபதேசிப்போர் பலரும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். தம்மைத் தாங்கி நிற்கும் கைகள் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. ஏழையை நோக்கி நீளும் ஒரு கைதான் விதிமீறலாகப் படுகிறது. பந்தயத்தில் அத்தகைய விதி இருக்கலாம். வாழ்க்கை பந்தயமன்று.

கருவியைப் பேணும் திறமை மட்டுமே அறமாகிவிடாது என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்றுண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, எழுபது நாட்களுக்குள் மலாயா முழுவதையும் கடந்து, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அதன் விரைவுக்கு ஒரு காரணம் சைக்கிள். படைப்பகுதி ஒன்றுக்குச் சுமார் 6,000 சைக்கிள்கள். கம்பெனிதோறும் பழுதுபார்க்கவென்றே குறைந்தது இருவர். சப்பானில் செய்த சைக்கிள்கள் முன்னரே மலாயாவில் மிகுதியாக விற்பனையாகியிருந்தமையால், உதிரி உறுப்புகள் ஊர்தோறும் கிடைத்தன. வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மின் மேலேயே ஓட்டினர். இரவில் தார்ச் சாலையில் எழுந்த அவ்வொலியைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிரிப் படையினர் மருண்டனர். பழுது வருமென்று முன்னரே எண்ணி ஆயத்தமானவன் வெல்கிறான் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் சைக்கிளுக்குப் பழுதுபார்ப்போரை வைத்திருந்த அதே படைதான், 1942இலும் 1943இலும் சயாம் மரண ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆயிரம் ஆயிரமாய்க் கொண்டுசென்றது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அவர்கள் காட்டிலேயே மடிந்தனர். டயர் இல்லாத சைக்கிளைக்கூட ஓடவைக்கத் தெரிந்தவர்களுக்கு, காய்ச்சலில் கிடந்த மனிதனை எழுப்பத் தெரியாமற் போனதன்று, தேவையென்று தோன்றவில்லை. இயந்திரம் கெட்டால் இழப்பு, மனிதன் கெட்டால் வேறொருவன் என்பதே அவர்கள் கணக்கு. அக்கணக்கு ஒரு நாட்டாருக்கோ ஒரு படைக்கோ மட்டும் உரியதன்று. ரிக்ஷா முதலாளியின் ஏட்டிலும் நாம் கண்டது அதையேதான். எனவே, கருவியைப் பேணக் கற்றுக்கொள் என்று சொல்வது பாதி உபதேசம். யாருக்காகப் பேணுகிறாய் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விபத்துகளைப் பற்றிப் பேசப் பேச, ‘ஏறினால்தானே விழுவாய், ஏறாதிரு’ என்னும் குரல் எழுவதுண்டு. அக்குரல் பெரும்பாலும் பெண்களை நோக்கியே எழுப்பப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த சீலா ராணி சுங்கத் அம்மையார் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் பெண்களுக்கு உரியதாக்கினார். கேலி பேசினோர் பேசினர். ஆயினும் பல்லாயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள், வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போரும் ஆசிரியைகளும், சைக்கிள் கற்றனர். விழாமல் கற்றவர் எவரும் இலர். விழுந்ததனால் நிறுத்தியிருந்தால் தண்ணீருக்கும் சந்தைக்கும் அவர்கள் இன்னமும் நடந்துகொண்டே இருந்திருப்பர். விபத்தை ஆராய்வது பயணத்தைத் தடுப்பதற்காகவன்று. அடுத்தவர் பயணம் இடையூறின்றி நடப்பதற்காகவே.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? சைக்கிள் உடையவர் வாரத்துக்கு ஒருமுறை கம்பியையும் கட்டையையும் சங்கிலியையும் முன்கவையையும் பார்த்தல் வேண்டும். தந்தையர் பிள்ளைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், ஓட்டக் கற்பிக்கும் நாளிலேயே பழுதுபார்க்கவும் கற்பித்தல் வேண்டும். நம் சங்கங்கள் ஆயுத பூசைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு, அந்நாளிலேயே உறுப்பினர் அனைவருடைய வண்டிகளையும் சோதித்துச் சீர்செய்யும் ஏற்பாட்டைச் செய்தால், அதனினும் சிறந்த பூசை வேறில்லை. பிறருடைய உழைப்பில் வாழ்வோர் அவ்வுழைப்பாளியின் வண்டியையும் உடலையும் ஒருங்கே பேணக் கடமைப்பட்டவர்.

இக்கடைசிக் கடமையை இக்காலச் சட்டமும் சிறிது சிறிதாக ஒப்புக்கொண்டு வருகிறது. கைபேசி வழியே வேலை பெற்றுச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் உணவு கொண்டுசேர்ப்போர் இன்று தஞ்சோங் பகார்த் தெருக்களில் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் யாருடைய தொழிலாளரும் அல்லர், தமக்குத் தாமே முதலாளிகள் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. விழுந்தால் செலவும் அவர்களுடையதாகவே இருந்தது. 2025 சனவரி 1ஆம் நாள் முதல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலையின்போது அவர்களுக்கு நேரும் காயத்துக்கு, ஏனைய தொழிலாளரைப் போலவே இழப்பீடு பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. அந்த ரிக்ஷா நிலையம் எழுந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், அதே தெருவில் சக்கரத்தை உருட்டுபவனும் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறான். காலம் கடந்து வந்த நீதி, எனினும் நீதியே.

சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. சந்தியில் விழுந்து கிடப்பவனைச் சுற்றி நிற்கும் நாம் என்ன சொல்கிறோம் என்பதைச் சட்டம் தீர்மானிக்க முடியாது. தமிழன்பர்களே! அடுத்த முறை அத்தகைய காட்சியைக் காண நேர்ந்தால், முதலில் அவனைத் தூக்குங்கள். பின்னர் அவனுடைய வண்டியையும் நிமிர்த்தி, பிரேக் கம்பியைப் பாருங்கள். அது அறுந்திருந்தால், அது எப்போது அறுபடத் தொடங்கிற்று, யார் கண்ணில் பட்டிருக்க வேண்டும், யார் மாற்றியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு வரும் விடை நம்மில் ஒருவரையே சுட்டுமாயினும் கேட்பதை நிறுத்தாதீர்கள்.